கேட்போரும் எழுதுவோரும்

எழுத்துக்கூட்டி வாசிக்க அறிதல் ஒன்று, வாசகராதல் வேறொன்று. முன்னதைப் பாடசாலை எனக்குக் கற்பித்தது. பின்னதைக் கற்பித்தவர் கண்பார்வை மங்கிய என் அப்பு.

எமது வீட்டிலே நூல்கள் இருக்கவில்லை. 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமத்து மக்கள் ஓரிரவில் இடம்பெயர்ந்தபோது, அப்பு தாம் சேர்த்த புத்தகங்களை அலுமாரியோடு விட்டுச் சென்றார். திரும்பி வந்தபோது அலுமாரியும் இல்லை. நான் பிறந்தது அதற்குப் பின்னரே. ஆகவே, ஊர் வாசிகசாலையின் மேசையிற் கிடந்த நாளிதழ்களே எனது முதல் நூலகம். பழைய வாரப் பதிப்புகளை வீட்டுக்குக் கொண்டுசென்று, மாலைவேளைகளில் விறாந்தையிலிருந்து அப்புவுக்கு வாசித்துக் காட்டுவேன்.

அவரைத் திருப்திப்படுத்துதல் எளிதன்று. ஆசிரிய தலையங்கத்தில் ஒரு வாக்கியம் வளைந்து நீண்டால், "ஆர் என்ன செய்தது எண்டு விளங்கேல்லை. இன்னொருக்கா வாசி, மோனை" என்பார். மரண அறிவித்தல்களை மட்டும் இடைமறியாது கேட்பார். ஓர் ஊரைப் பிறப்பிடமாகவும், இன்னோர் ஊரையோ கடல்கடந்த நகரொன்றையோ வதிவிடமாகவும் கொண்டவர்கள் அவற்றிலே வந்துகொண்டேயிருந்தனர். இரண்டு ஊர்ப்பெயர்களுக்கிடையே ஒரு வாழ்க்கை முழுவதும் அடங்கும் என்பதை அங்கேதான் அறிந்தேன்.

பல்கலைக்கழகத்திலே நூல்களுக்குக் குறைவில்லை. 2005 இல் ஆரம்பமான 'நூலகம்' எண்ணிம நூலகத்தின் வாயிலாக, டொமினிக் ஜீவா 1966 இல் தொடங்கிய 'மல்லிகை' இதழ்களையும் கைத்தொலைபேசியிலேயே படித்தேன். பள்ளிப்படிப்பை இடையில் விட்டுச் சிகையலங்காரத் தொழில் செய்தவர், 2012 வரை ஓர் இலக்கியச் சஞ்சிகையை நடத்தினார். எழுத்து பட்டதாரிகளின் தனிச்சொத்தன்று என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

ஆயினும், எமது ஒப்படைகளை வாய்விட்டு வாசித்துப் பார்த்தால் அப்புவின் கேள்வியே எழுகின்றது. அவற்றிலே எல்லாம் 'நிகழ்கின்றன', 'ஏற்படுகின்றன', 'கட்டமைக்கப்படுகின்றன'. செய்தவர் யார் என்பது மட்டும் தெரிவதில்லை. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. நூலகம் 'எரியுண்டது' என்று எழுதினால் நெருப்பு மட்டுமே தென்படும். 'எரித்தனர்' என்று எழுதினாற்றான் அதனை மூட்டிய கைகள் தென்படும். இஃது இலக்கண நுணுக்கம் மட்டுமன்று. வரலாற்றை எழுதுவோரின் பொறுப்புமாகும்.

கலைச்சொற்கள் வேண்டாம் என்பதன்று என் வாதம். துறைசார் அறிவுக்கு அவை இன்றியமையாதவை. ஆனால், எமது ஆய்வுகள் யாருடைய வாழ்வைப் பேசுகின்றனவோ, அவர்களுக்கு அவற்றை வாசித்துக் காட்ட முடியவேண்டும். கேட்டவர் "விளங்கேல்லை" என்றால், திருத்தவேண்டியது அவரது செவியை அன்று, எமது வாக்கியத்தையே.