விதிக்குள் வீசும் காற்று

சீட்டாட்டம் என்ற சொல்லைக் கேட்டதும் முகஞ்சுளிக்கும் பெரியவர்கள் தமிழ்க் குடும்பங்களில் இன்றும் உண்டு. பணம் வைத்து ஆடியதால் நொடித்துப் போன வீடுகளை அறிந்தவர்கள் அவர்கள். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும் சீட்டுகள் யாவும் சூதுக்கே உரியன அல்ல. டென்மார்க்கைச் சேர்ந்த ஆஸ்கெர் ஹார்டிங் கிரானருட் வடிவமைக்க, பின்லாந்து நாட்டு நிறுவனம் ஒன்று 2016ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘பிளாம் ரூஜ்’ என்னும் மிதிவண்டிப் பந்தய ஆட்டத்தில் பகடையே கிடையாது. வண்டிகளை நகர்த்துவன சீட்டுகளே. பிரெஞ்சு மொழியில் அப்பெயர் செந்தழல் எனப் பொருள்படும். பெரும் பந்தயங்களில் முடிவுக்கோட்டிற்கு ஒரு கிலோமீட்டர் முன்பாகத் தொங்கவிடப்படும் சிவப்புக் கொடிக்கு அதுவே பெயர்.

ஆட்டம் எளியது, ஆனால் விதிகளைப் படித்துக்கொண்டே ஆடத் தொடங்கும் மாணவரிடையே முதற் கால்மணி நேரத்திலேயே சச்சரவு எழும். விதி சொல்லும் செய்தி ஒன்று, படிப்பவர் கொள்ளும் பொருள் வேறொன்று என்னும் நிலை இலக்கண வகுப்பில் மட்டுமா உள்ளது?

ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் இரண்டு வீரர்கள். ஒவ்வொரு வீரருக்கும் பதினைந்து சீட்டுகள். சமவேக வீரரிடம் 3, 4, 5, 6, 7 ஆகிய எண்கள் மும்மூன்றாக உள்ளன. விரைவோட்ட வீரரிடம் 2, 3, 4, 5, 9 ஆகியவை மும்மூன்று. ஒன்பதைக் கண்டு மயங்குவோர் விரைவோட்ட வீரரே வலியவர் என எண்ணுவர். கூட்டிப் பார்த்தாலோ அவருடைய மொத்தம் 69. சமவேக வீரருடையது 75. கணக்கு ஆசிரியருக்கும் இங்கே வேலை உண்டு.

மேலிருந்து நான்கு சீட்டுகளை எடுத்து ஒன்றைத் தேர்ந்து கவிழ்த்து வைத்தல் வேண்டும். ஒரு வீரருக்குத் தேர்ந்த பின்னரே மற்றவருடைய சீட்டுகளைப் பார்க்கலாம். தேர்ந்தெடுக்காத மூன்றும் முகம் மேல்நோக்கக் கட்டின் அடியில் சேரும். ஆடிய சீட்டோ ஆட்டத்தை விட்டே நீங்கும். புதியவர்கள் ஆடியதையும் அடியில் செருகிவிடுவார்கள். அவ்வாறு செய்தால் ஒன்பது என்றும் தீராது. ஆட்டத்தின் உயிரும் போய்விடும். செலவிட்ட வலிமை பந்தயம் முடியும்வரை மீளாது என்பதே அவ்விதியின் உட்பொருள்.

சென்று சேர வேண்டிய கட்டத்தில் ஏற்கெனவே இருவர் நின்றால் பின்னாலுள்ள இடத்தில் நின்றுவிட வேண்டியதுதான். இதில் பெரிய ஐயம் எழுவதில்லை. ஐயங்களின் உறைவிடம் அடுத்து வரும் காற்று மறைவு விதி. முன்னே செல்பவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போக, அவர் முதுகுக்குப் பின்னால் வருபவர் குறைந்த உழைப்பில் அதே வேகத்தில் வருகிறார். இவ்வுண்மையை ஆட்டம் இவ்வாறு விதியாக்குகிறது: எல்லா வீரரும் நகர்ந்து முடிந்த பின், ஒரு கூட்டத்திற்கும் அதன் முன்னுள்ள கூட்டத்திற்கும் நடுவே சரியாக ஒரே ஒரு கட்டம் வெறுமையாக இருப்பின், பின்கூட்டம் முழுவதும் ஒரு கட்டம் முன்னேறும். இரண்டு கட்டம் இடைவெளி இருந்தால் பயனில்லை.

எந்தக் கூட்டத்திலிருந்து தொடங்குவது? கடைசிக் கூட்டத்திலிருந்து என்கிறது விதி. பலர் இதைப் பொருட்படுத்தாமல் முன்னிருந்து தொடங்குகின்றனர். பத்து, பதினொன்றாம் கட்டங்களில் ஒரு கூட்டமும், பதின்மூன்றில் ஒருவரும், பதினைந்தில் ஒருவரும் நிற்பதாகக் கொள்வோம். பின்னிருந்து தொடங்கினால் முதற்கூட்டம் பதினொன்று, பன்னிரண்டிற்கு நகர்ந்து பதின்மூன்றில் நிற்பவரோடு ஒன்றாகிறது. இப்போது பதினான்கு மட்டுமே வெறுமை. எனவே இணைந்த கூட்டம் முழுவதும் மேலும் ஒரு கட்டம் ஏறிப் பதினைந்தில் நிற்பவரைத் தொட்டுவிடுகிறது. முன்னிருந்து தொடங்கினாலோ, பதின்மூன்றில் நின்றவர் பதினான்கிற்குப் போய்விடுகிறார். பின்கூட்டத்திற்கு முன்னே இரண்டு கட்டங்கள் வெறுமையாகிவிடுகின்றன. அவர்கள் அங்கேயே தங்கிவிட நேரும்.

மரம், கிளை என்னும் சொற்கள் புணர்வதை நினைவுகூர்க. முதலில் மகர ஒற்று கெடுகிறது. அதன் பின்னரே வல்லினம் மிகுந்து மரக்கிளை ஆகிறது. ஒற்று கெடுமுன் வல்லினம் மிகுமா எனக் கேட்கும் மாணவனுக்கு விடை கிடைப்பதில்லை. இரண்டு விதிகளையும் அறிந்திருந்தும் வரிசையை அறியாதவன் தவறிப் போகிறான்.

காற்று மறைவு முடிந்ததும், முன்னுள்ள கட்டம் வெறுமையாக இருக்கும் ஒவ்வொரு வீரரும் களைப்புச் சீட்டு ஒன்றைப் பெறுகிறார். அதன் மதிப்பு வெறும் இரண்டு. மேற்கண்ட எடுத்துக்காட்டில் முறைப்படி ஆடினால் பதினைந்தில் நிற்பவர் மட்டுமே களைப்படைகிறார். வரிசை மாறினால் பின்கூட்டத்தின் தலைவரும் வீணே களைப்படைய நேர்கிறது. இங்கே இன்னொரு பூசலும் உண்டு. ஒவ்வொரு கட்டத்திலும் வலம், இடம் என இரு தடங்கள் உள்ளன. இடத்தடத்தில் நிற்பவருக்கு முன்னால் வலத்தடத்தில் மட்டும் ஒருவர் இருந்தால் அக்கட்டம் வெறுமையா? அன்று. கட்டம் என்பது இரு தடங்களையும் சேர்த்தே குறிக்கும். அச்சொல்லின் எல்லையை அறிந்தவுடன் பூசல் அடங்கிவிடும்.

ஏற்றத்தில் எவ்வளவு பெரிய சீட்டை ஆடினாலும் ஐந்து கட்டத்திற்கு மேல் செல்ல இயலாது. அங்கே காற்று மறைவும் இல்லை. “ஏன் இந்த ஓரவஞ்சனை?” எனக் கேட்கும் மாணவர்க்கு 1996இல் தொடங்கிய லங்காவி மிதிவண்டிப் பந்தயத்தில் வீரர்கள் கெந்திங் மலையேறும் காட்சியைச் சுட்டலாம். வேகம் குறைந்த இடத்தில் காற்றின் எதிர்ப்பும் குறைவு; அங்கே பகை மலையின் சரிவே. அடுத்தவர் முதுகு அதற்கு எவ்வளவு உதவும்? ஆனால் களைப்பு மட்டும் அங்கும் தொடர்கிறது. இறக்கத்தில் நின்று புறப்படுபவருக்கோ ஐந்திற்குக் குறைந்த எந்தச் சீட்டும் ஐந்தாகக் கணக்கிடப்படும். களைப்புச் சீட்டுகளைத் தள்ளிவிட அதனினும் நல்ல இடம் வேறில்லை. இதைத் தாமே கண்டுபிடிக்கும் மாணவரின் முகமலர்ச்சி காணத்தக்கது. முன்கூட்டியே சொல்லிவிடாமலிருப்பது ஆசிரியர்க்கு அழகு.

முடிவுக்கோட்டிலும் ஒரு சண்டை காத்திருக்கிறது. கோட்டை முதலில் கடந்தவர் கைதட்டி எழுந்துவிடுவார். அவர் சற்றே அமர வேண்டும். அச்சுற்றில் எஞ்சிய அனைவரும் நகர்ந்து முடித்த பின், கோட்டிற்கு அப்பால் மிகத் தொலைவில் நிற்பவரே வென்றவர். இருவர் ஒரே கட்டத்தில் நின்றால் வலத்தடத்தில் இருப்பவர்க்கே வெற்றி. கடைசிச் சுற்றுவரை ஒரு ஒன்பதைச் சேமித்து வைத்த பின்வரிசை வீரர், எழுந்து நின்றவரைத் தாண்டிச் செல்வது அப்போதுதான்.