சேறு காத்த ஊர்

1970ஆம் ஆண்டின் குளிர்காலப் புயல் ஒன்றில், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கடற்கரையில் மண்மேடு சரிந்தது. உள்ளே புதைந்திருந்த மரவீடு ஒன்று வெளியே தலைகாட்டியது. வந்தவர் போனவரெல்லாம் கையில் அகப்பட்டதை எடுத்துப் போகத் தொடங்கினார்கள். மக்கா பழங்குடியின் தலைவர் எட் கிளாப்லான்ஹூ, தொல்லியலாளர் ரிச்சர்ட் டகர்ட்டியைத் தொலைபேசியில் அழைத்தார்.

இடத்தின் பெயர் ஓசெட். மக்காக்களின் பழைய ஊர். சில நூறு ஆண்டுகளுக்கு முன் மலைச்சேறு இறங்கி இங்கிருந்த வீடுகளை மூடியதாக முதியவர்கள் வழிவழியாகச் சொல்லி வந்தார்கள். அது கதையல்ல என்பது இப்போது உறுதியானது. சேறு மூடிய பிறகும் அங்கே மக்கள் வாழ்ந்தார்கள். பிள்ளைகள் மக்காக்களின் மற்றோர் ஊரான நியா பேயின் பள்ளிக்குப் போயே தீரவேண்டும் என்று அரசு நெருக்கியதில்தான் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊர் காலியானது. சேறு செய்யாததைச் சட்டம் செய்தது.

அகழாய்வில் வழக்கமாகக் கிடைப்பவை கல்லும் எலும்பும்தான். மரமும் நாரும் மட்கிப் போகும். ஓசெட்டில் ஈரச் சேறு காற்றை அண்டவிடாததால் கூடை, கயிறு, தறி, மரப்பெட்டி எல்லாம் மிஞ்சின. மண்வெட்டி பட்டால் நொறுங்கும் என்பதால் குழாயில் தண்ணீர் பீய்ச்சியே மண்ணைக் கரைத்தார்கள். 11 ஆண்டுகளில் 55,000க்கும் மேற்பட்ட பொருள்கள். திமிங்கிலத் துடுப்பின் வடிவில் தேவதாரு மரத்தில் செதுக்கி, 700க்கும் அதிகமான கடல் நீர்நாய்ப் பற்களைப் பதித்த சிற்பம் அவற்றுள் தலையாயது.

என் கணக்கில், கண்டெடுத்ததைவிடப் பெரிய காரியம் வேறு. எதுவும் பெருநகர அருங்காட்சியகங்களுக்குப் போகக்கூடாது, எங்கள் மண்ணிலேயே இருக்கவேண்டும் என்று மக்காக்கள் உறுதியாக நின்றார்கள். 1979இல் நியா பேயில் அவர்களுடைய அருங்காட்சியகம் திறந்தது. ஆய்வாளர்கள் விழித்த பொருள்களுக்கு முதியவர்கள் பயன் சொன்னார்கள். வேட்டைக் கருவிகளை யார் தொடலாம் என்ற மரபுக் கட்டுப்பாடு கிடங்கிலும் மதிக்கப்பட்டது.

அமெரிக்க அரசுடன் செய்த 1855 ஒப்பந்தம் மக்காக்களுக்குத் திமிங்கில வேட்டை உரிமையை உறுதிசெய்திருந்தது. திமிங்கிலங்கள் அருகியதால் 1920களில் தாங்களாகவே நிறுத்தியிருந்தார்கள். ஓசெட்டின் ஈட்டிமுனைகள் அந்த நினைவைக் கிளறின. 1999இல் மீண்டும் ஒரு திமிங்கிலத்தை வேட்டையாடினார்கள். எதிர்ப்பும் கடுமையாக இருந்தது.

ஓசெட்டுக்கு, அதே பெயருடைய ஏரியின் கரையிலிருந்து காட்டுப்பாதையில் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நடக்கவேண்டும். குழிகளை மூடிவிட்டார்கள், அங்கே போய்த் தேட ஒன்றுமில்லை. போகிறவர்கள் முதலில் நியா பேக்குப் போங்கள்.