நடமாடும் வீடும் நான்கு பக்கப் பத்திரமும்

நியூஜீலாந்து தேசத்தைச் சுற்றிப் பார்க்க விரும்புகிறவர்கள் ரயிலை நம்பிப் பயனில்லை. தூரத்து ஊர்களுக்குச் செல்லும் பிரயாணி ரயில்கள் அங்கே மிகச் சில. ஆகவே குடும்பத்துடன் செல்பவர்களில் பலர் ‘காம்பர்வான்’ என்னும் நடமாடும் வீட்டை வாடகைக்கு அமர்த்திக் கொள்கிறார்கள். படுக்கை, காஸ் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கழிப்பிடம் எல்லாம் ஒரே வண்டிக்குள் அடக்கம். இரவில் ஏரிக்கரையில் தங்கிக் காலையில் பனிமலையின் முகத்தில் விழிக்கலாம். ஆனால் இந்தச் சுகத்துக்கு வாசற்படியாக ஒரு பத்திரம் இருக்கிறது. மலைகளையும் ஏரிகளையும் வர்ணித்தவர்கள் அநேகர்; பத்திரத்தை வர்ணித்தவர் எவரையும் காணோம். ஆகையால் அந்தப் பணியை நாம் மேற்கொள்கிறோம்.

நம் ஊரில் கல்யாணத்துக்கு வாடகைப் பாத்திரம் எடுக்கிறவர்கள் கடையிலேயே அண்டாவைத் திருப்பிப் பார்த்து, “இந்த ஒடுக்கு முன்னாலேயே இருக்கிறது, எழுதிக் கொள்ளும்!” என்று சொல்லி விடுவார்கள். முன்பணமும் கட்டுவார்கள். காம்பர்வான் விஷயமும் அடிப்படையில் இதுதான்; தொகைதான் பெரிது. தென் தீவில் கிறைஸ்ட்சர்ச் நகரில் நாங்கள் வண்டி எடுத்தபோது, வாடகையுடன் ‘எக்ஸெஸ்’ என்ற ஒன்றையும் விளக்கினார்கள். வண்டிக்குச் சேதம் நேர்ந்தால், இன்ஷூரன்ஸ் கம்பெனி கொடுப்பதற்கு முன் வாடகைக்காரர் தம் கையிலிருந்து கொடுக்க வேண்டிய பங்கு அது. பெரிய வண்டிகளுக்கு 5,000 டாலர் முதல் 7,500 டாலர் வரை இருப்பது சாதாரணம். 5,000 டாலர் என்பது நம் நாணயத்தில் ஏறக்குறைய இரண்டரை லட்ச ரூபாய்! அந்தத் தொகையையே டிபாஸிட்டாகக் கிரெடிட் கார்டில் பிடித்து வைக்கிறார்கள். கார்டு வாடகைக்காரரின் பெயரிலேயே இருக்க வேண்டும்.

குற்றம் எதிர் வண்டிக்காரருடையதாக இருந்தாலும் முதலில் எக்ஸெஸைக் கொடுக்க வேண்டியவர் நாமே. பிறகு வசூலானால் திரும்பி வரும். பல கம்பெனிகளில் அது வாடகைக் காலம் முழுவதற்கும் ஒரு முறை அன்று. ஒவ்வொரு விபத்துக்கும் ஒரு முறை.

இவ்வளவு கண்டிப்பு ஏன் என்று கேட்கலாம். அதற்கு அந்தத் தேசத்துச் சட்டத்தைக் கொஞ்சம் தெரிந்து கொள்ள வேண்டும். நம் நாட்டில் மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் இல்லாமல் வண்டியைத் தெருவில் இறக்கக் கூடாது. நியூஜீலாந்தில் அத்தகைய கட்டாயம் இல்லை. நீதிபதி ஓவன் உட்ஹவுஸ் தலைமையில் அமைந்த கமிஷன் 1967-ல் கொடுத்த அறிக்கையை ஒட்டி, 1974 முதல் அங்கே வேறொரு ஏற்பாடு நடைபெறுகிறது. விபத்தில் ஒருவருக்குக் காயம் பட்டால், தவறு யாருடையது என்று விசாரியாமலே பொது நிதியிலிருந்து சிகிச்சைக்கு உதவுகிறார்கள். வெளிநாட்டு யாத்திரிகருக்கும் இந்த உதவி உண்டு. அதற்கு ஈடாக, காயத்துக்கு நஷ்ட ஈடு கேட்டு வழக்குத் தொடரும் உரிமை இல்லை. ஆக, மனிதரின் உடலைச் சட்டம் ஏற்றுக் கொண்டது. வண்டியின் உடலைப் பத்திரத்துக்கு விட்டுவிட்டது.

ஆனால் காயத்துக்குத்தான் அந்த உதவி, ஜுரத்துக்கு இல்லை. கார்டில் இரண்டரை லட்சம் கட்டுண்டு கிடக்கும் நாட்களில் குழந்தைக்கு நோய் கண்டால், வைத்தியருக்குக் கொடுக்க அந்தக் கார்டு உதவாமற் போகலாம். ஆகவே தனியாகப் பிரயாண இன்ஷூரன்ஸும், கையில் வேறு பணமும் அவசியம்.

தினந்தோறும் கூடுதலாக ஒரு கட்டணம் செலுத்தினால் எக்ஸெஸைக் குறைத்துக் கொள்ளலாம். டிபாஸிட்டும் சிறு தொகையாகிவிடும். வெளிக் கம்பெனிகளிடம் இதற்கென்று மலிவாக இன்ஷூரன்ஸ் எடுக்கவும் வழி உண்டு. ஆனால் அப்போது டிபாஸிட் முழுவதும் பிடிபட்டே இருக்கும். நஷ்டத்தை நாம் முதலில் கொடுத்துப் பின்பு கேட்டு வாங்க வேண்டும். நாங்கள் கணக்குப் பார்த்து, நிம்மதியை உத்தேசித்துத் தினக் கட்டணத்தையே கொடுத்தோம்.

அதைக் கொடுத்தவர்களுக்கும் விலக்குகள் உண்டு. அவற்றைப் படித்தபோது அந்தத் தேசத்தின் பூகோளத்தையே படிப்பது போலிருந்தது. ‘காற்றில் கதவு திருகிப் போனால்’ என்று ஒரு ஷரத்து. டெகாபோ ஏரிக்கரையில் வண்டிக் கதவைத் திறந்தபோது அதன் பொருள் விளங்கிற்று. இரு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது. பனியாறுகள் அரைத்த கல்மாவு கலந்து பால் நீலமாய்த் தோன்றும் அந்த நீரைப் பார்க்கும் ஆவலில் கதவை மறப்பது எளிது. ‘தண்ணீரில் இறக்கினால்’ என்பது மலையோடைகளைக் கருதியது. ‘கூரையிலும் அடிப்பாகத்திலும் சேதம்’ என்பது தாழ்ந்த மரக் கிளைகளையும் கல் ரஸ்தாக்களையும் கருதியது. வட தீவின் தொண்ணூறு மைல் கடற்கரை சட்டப்படி பொதுச் சாலையே. ஆயினும் மணலும் அலையும் வண்டியை விழுங்கும் என்பதால் வாடகை வண்டிகளுக்கு அது சாதாரணமாக விலக்கு.

குவீன்ஸ்டவுனுக்கு அருகிலுள்ள ஸ்கிப்பர்ஸ் பள்ளத்தாக்குச் சாலையும் அவ்வாறே. பொன் தேடி வந்தவர்களின் காலத்தில் பாறையைக் குடைந்து போட்ட ஒற்றையடிச் சாலை அது. ஒரு பக்கம் செங்குத்தான மலை, மறு பக்கம் அதல பாதாளம். அங்கே போக வேண்டும் என்று எங்கள் பையன் பிடிவாதம் செய்தான். அந்தச் சாலையில் சக்கரம் வைத்த கணமே நாம் கொடுத்த கட்டணமெல்லாம் வீண். வண்டியின் முழு விலைக்கும் நாமே பொறுப்பு என்பதைப் பத்திரத்தில் விரல் வைத்துக் காட்டினோம். படித்துவிட்டு மௌனமானான். மறுநாள் அந்த ஊர்க்காரர் ஓட்டும் ஜீப்பில் இடம் வாங்கிக் கொண்டு அந்தப் பள்ளத்தாக்கைக் கண்டோம். ஓட்டும் கவலை இல்லாமல் பார்த்த அந்தக் காட்சியே யாத்திரையில் சிறந்தது என்பது எங்கள் எல்லோருடைய அபிப்பிராயம்.

வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது, புறப்படும் முன் நான்கு பக்கமும், கூரையும், உட்புறமும் எடுத்து வைத்திருந்த படங்கள் பெரிதும் துணை செய்தன. பழைய கீறல் ஒன்றைப் பற்றிக் கேள்வி எழுந்தபோது படத்தைக் காட்டினோம். பேச்சு அதோடு முடிந்தது.

ஆகவே போகிறவர்கள் கையொப்பமிடுமுன் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். டிபாஸிட்டைப் பிடித்து வைப்பார்களா, அல்லது உண்மையிலேயே எடுத்துக் கொண்டு பின்னர் திருப்புவார்களா? எடுத்துக் கொள்வதானால் நாணய மாற்று விகிதத்தில் நஷ்டம் வரக்கூடும். எத்தனை நாளில் திரும்பும்? எக்ஸெஸ் ஒவ்வொரு விபத்துக்குமா? எந்தச் சாலைகள் விலக்கு? இந்த நான்குக்கும் விடையைப் பத்திரத்திலேயே காட்டச் சொல்ல வேண்டும், வாய்ச்சொல் போதாது. அதற்கு அரை மணி நேரம் செலவாகும். ஏரி காத்திருக்கும்.