மாட்டும் கை, இறுக்கும் கை

ஆகஸ்ட் 28

பள்ளி திறக்கும் காலம். அமெரிக்கத் தொடக்கப் பள்ளிகளின் வாசலில் கார்கள் வரிசை கட்டி ஊர்ந்து வரும். ஒருவர் கதவைத் திறந்துவிடுவார். பிள்ளை இறங்கும், அல்லது ஏறும். குழந்தையின் கார் சீட் பெல்ட்டை எங்கள் ஊழியர் தொடமாட்டார் என்று பல பள்ளிகள் முன்பே சொல்லிவிடுகின்றன. அம்மாவோ அப்பாவோ இறங்கி வந்து மாட்டினால் பின்னால் வரிசை தேங்கும். அதனால் கிண்டர்கார்டன் சேரும் ஐந்து வயதுக்குள் குழந்தை தானே பெல்ட் போடவும் கழற்றவும் பழகியிருக்க வேண்டும் என்ற நெருக்கடி, அகரம் கற்பிப்பதற்கும் முன்னால் வந்து நிற்கிறது. எதிர்பார்ப்பு நியாயமானதுதான். ஆனால் "தானே பெல்ட் போட்டுக்கொள்வது" என்று நாம் ஒரே மூச்சில் சொல்வதற்குள் மூன்று வேலைகள் இருக்கின்றன: மாட்டுவது, இறுக்குவது, சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது. முதல் வேலையைக் குழந்தையிடம் தாராளமாகக் கொடுக்கலாம், மூன்று வயதிலேயே தொடங்கலாம். மற்ற இரண்டும் ஐந்து முனைப் பெல்ட் உள்ள அந்தச் சீட்டை விட்டு, காரின் பெல்ட்டையே பயன்படுத்தும் பூஸ்டருக்குப் போகிற நாள்வரை பெரியவரிடம்தான் இருக்க வேண்டும். இந்தப் பிரிவினைக்கு என்ன ஆதாரம், எதிர்வாதங்கள் எவ்வளவு தாங்கும் என்று இந்தப் பக்கங்களில் பார்க்க நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 30

ஆதாரத்தை இறுக்கத்திலிருந்து தொடங்குவதே சரி. அமெரிக்கக் கார் சீட்டுகளுக்கான கூட்டாட்சித் தரம் 213, சீட்டை மணிக்குச் சுமார் 48 கிலோமீட்டர் வேகத்தில் மோதலுக்கு உட்படுத்திச் சோதிக்கிறது. அந்த வேகம் நொடிக்கு 13 மீட்டருக்கும் சற்று மேல். கார் எதிலாவது மோதும்போது அதன் முன்பகுதி நசுங்குகிறது; நசுங்குகிற அந்தச் சொற்ப நேரத்தில் உள்ளே இருப்பவர் காரோடு சேர்ந்து வேகம் குறைய வேண்டும். பெல்ட் உடலோடு ஒட்டியிருந்தால் குழந்தை முதல் கணத்திலிருந்தே காரோடு சேர்ந்து நிதானப்படும். ஐந்து சென்டிமீட்டர் தளர்வு இருந்தால், கார் வேகம் இழந்துகொண்டிருக்கும்போது குழந்தை மட்டும் பழைய வேகத்திலேயே முன்னால் போகும். பிறகு எஞ்சிய குறைந்த நேரத்தில், கூடுதல் விசையோடு, பட்டை அதைப் பிடித்து நிறுத்தும். தலையும் அந்த அளவுக்கு முன்னே போகும். முன்சீட்டின் முதுகு அங்கேதான் இருக்கிறது. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டால் சிரித்துவிட்டுப் போகலாம், இங்கே அந்தச் சலுகை கிடையாது.

அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் கணக்குப்படி, பயணிகள் காரில் கார் சீட் பயன்படுத்துவது கைக்குழந்தைகளின் உயிரிழப்பை 71 சதவீதமும், ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகளின் உயிரிழப்பை 54 சதவீதமும் குறைக்கிறது. அதே அமைப்பு 2015இல் வெளியிட்ட ஆய்வு, பயன்பாட்டில் இருந்த கார் சீட்டுகளிலும் பூஸ்டர்களிலும் 46 சதவீதம் ஏதோ ஒரு வகையில் தவறாகப் பொருத்தப்பட்டிருந்ததாகச் சொன்னது. அவற்றைப் பொருத்தியவர்கள் வளர்ந்த மனிதர்கள். பட்டை தளர்ந்திருப்பது அத்தவறுகளில் வெகு சாதாரணமான ஒன்று. காறை எலும்பின் மேல் பட்டையை இரு விரலால் கிள்ளிப் பார்க்க வேண்டும், மடிப்புப் பிடிபட்டால் இன்னும் இறுக்க வேண்டும் என்ற எளிய சோதனையையே பெரியவர்கள் தவறவிடுகிறோம். அதை ஐந்து வயதுக் குழந்தை தன் தோளில் தானே செய்து தீர்ப்பும் சொல்ல வேண்டும் என்று கேட்பது, கற்பித்தல் என்ற பெயரில் பொறுப்பைக் கைமாற்றுவது. குழந்தைக்கு இறுக்கம் என்பது அசௌகரியம், அவ்வளவுதான். தளர்வாக இருப்பதே அதற்குச் "சரி" என்று தோன்றும்.

செப்டம்பர் 2

பொருளின் வடிவமைப்பே இந்தப் பிரிவினையைப் பாதி செய்து வைத்திருக்கிறது என்பது யோசிக்கையில் வியப்பாக இருக்கிறது. பக்கிளின் நாக்கை உள்ளே தள்ளி "க்ளிக்" என்று கேட்க வைக்கப் பெரிய பலம் வேண்டாம். அதை விடுவிக்கும் சிவப்புப் பொத்தானுக்கோ தரம் 213 எல்லை வகுத்திருக்கிறது: மோதலுக்கு முன் 40 நியூட்டனுக்குக் குறைவான விசைக்கு அது திறக்கக் கூடாது, 62 நியூட்டனுக்குள் திறந்துவிட வேண்டும். அதாவது நாலு கிலோ முதல் ஆறு கிலோவுக்குச் சற்று மேல் வரையிலான எடையை ஒரு கட்டைவிரல் நுனியில் அழுத்துவது. சின்னக் குழந்தைக்கு அது கடினமாகவும், அவசரத்தில் உதவ வரும் பெரியவருக்கு முடியக்கூடியதாகவும் இருக்கட்டும் என்ற கணக்கு அந்த எண்களுக்குப் பின்னால் இருக்கிறது.

முதல் எதிர்வாதமும் இங்கேதான் எழுகிறது: பூட்டக் கற்றுக்கொடுத்தால் திறக்கவும் கற்றுக்கொண்டுவிடாதா? ஓடும் காரில் கழற்றிவிட்டால் என்ன செய்வது? அச்சம் வெறும் கற்பனை இல்லை. யேல் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2011இல் முன்வைத்த ஒரு பெற்றோர் கருத்துக்கணிப்பில் ஏறத்தாழப் பாதிப்பேர், தங்கள் குழந்தை பெல்ட்டைத் தானே கழற்றியது உண்டு என்றார்கள். அந்தக் குழந்தைகளில் பெரும்பாலானவர்களுக்கு மூன்று வயதோ அதற்குக் குறைவோதான். இந்தத் தகவல் எதிர்வாதத்துக்குச் சாதகம்போலத் தெரியும். நான் அதை வேறு விதமாகப் படிக்கிறேன். அந்த வயதில் அவர்களுக்கு யாரும் முறையாகப் பாடம் எடுத்திருக்க வாய்ப்புக் குறைவு. விரலுக்குப் பலம் வந்ததும் தாங்களாகவே கண்டுபிடித்திருக்கிறார்கள். அப்படியென்றால் நாம் சொல்லித் தராமல் இருப்பது பூட்டுக்குக் காவல் ஆகாது. திறப்பதற்கு ஒரு விதி தேவை: கார் நின்று, எஞ்சின் அணைந்து, பெரியவர் "இப்போது கழற்றலாம்" என்று சொன்ன பிறகுதான் பொத்தானில் கை. மாட்டுவதைத் தன் வேலையாகக் கருதும் குழந்தையிடம் இந்த விதியைச் சொல்வது, பெல்ட் என்றாலே தன்மேல் திணிக்கப்பட்ட கட்டு என்று நினைக்கும் குழந்தையிடம் சொல்வதைவிட எளிது. இது என் துணிபு. ஆய்வு முடிவு என்று சொல்லமாட்டேன். விதியை மீறினால் காரைப் பாதுகாப்பான இடத்தில் ஓரம் கட்டி, மீண்டும் மாட்டிய பிறகே கிளம்ப வேண்டும். வேறு தண்டனை தேவைப்படாது.

செப்டம்பர் 6

எப்படிக் கற்பிப்பது என்பதில் மரியா மாண்டிசோரியிடம் போகாமல் இருக்க முடியாது. 1907 ஜனவரியில் ரோமின் சான் லொரென்ஸோ பகுதியில் அவர் தொடங்கிய குழந்தைகள் இல்லத்திலிருந்து வளர்ந்த முறையில் ஆடைச் சட்டங்கள் என்று சில பொருள்கள் உண்டு. மரச் சட்டத்தில் இரு துணிகள். ஒன்றில் பொத்தான், ஒன்றில் நாடா, ஒன்றில் பக்கிள். ஒரு சட்டத்தில் ஒரே ஒரு சிக்கல். 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து, போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கி, அவர் பயிற்றுவித்த ஆசிரியர்கள் வழியாக இந்தச் சட்டங்கள் நம் ஊர்ப் பள்ளிகளுக்கும் வந்தன. துணியைத் தன் உடம்பில் அணிந்தபடி பழகாமல், கண்ணுக்கு நேரே மேசையில் வைத்துப் பழகுவது அந்த முறையின் சூட்சுமம். கார் சீட்டில் குழந்தை படும் பாட்டில் பாதி, வேலை கண்ணுக்கு நேரே இல்லாததால் வருவதுதான்: பக்கிள் தொடைகளுக்கு நடுவே, வயிற்றுக்குக் கீழே இருக்கிறது, மார்புக் கிளிப் சரியான உயரத்தில், அதாவது அக்குள் மட்டத்தில் இருந்தால், மோவாயை மார்பில் புதைத்தாலும் பார்ப்பது சிரமம். கண் துணை இல்லாமல் இரு கைகளும் இரு வேறு காரியம் செய்ய வேண்டும், ஒன்று பிடிக்க, மற்றது தள்ள. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வளர்ச்சிப் பட்டியலில் சில பொத்தான்களைக் கழற்றுவது நான்கு வயதிலும், சில பொத்தான்களைப் போடுவது ஐந்து வயதிலும் வருகிறது. பார்வையில் இருக்கும் பொத்தானுக்கே அந்த வயது என்றால், பக்கிளுக்குப் பொறுமை கூடுதலாகவே வேண்டும்.

வுட், புரூனர், ராஸ் மூவரும் 1976இல் எழுதிய ஆய்வு மூன்று, நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகள் மரக்கட்டைகளை இணைத்துப் பிரமிடு கட்டுவதைப் பார்த்தது. குழந்தையால் முடியாத பகுதியைப் பெரியவர் தன் கையில் வைத்துக்கொண்டு, முடிகிற பகுதியை மட்டும் விட்டுக்கொடுத்து, தேர்ச்சி கூடக் கூட விலகிக்கொள்வது என்ற கருத்து அதில்தான் தெளிவாகப் பேசப்பட்டது. கார் சீட்டில் இதைக் கடைசி அடியிலிருந்து தொடங்கலாம். பெரியவர் நாக்கைப் பக்கிளின் வாயில் பாதி நுழைத்து வைக்க, குழந்தை அழுத்தி "க்ளிக்" கேட்க வைக்கும். வெற்றி அதன் கையில் முடிகிறது. பிறகு நுழைப்பதும் அதன் வேலை, பிறகு கைகளைப் பட்டைக்குள் விடுவது, கடைசியாக மார்புக் கிளிப். கிளிப்பைக் கண்ணுக்குத் தெரியும்படி வயிற்றுப் பக்கம் தாழ்த்தி மாட்டட்டும். பெரியவர் இடுப்புப் பகுதியின் தளர்வை மேலே இழுத்துவிட்டு, முன்பக்க நாடாவை இழுத்து இறுக்கி, கிளிப்பை அக்குள் மட்டத்துக்கு ஏற்றிவிடலாம். பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் விற்கும் சீட்டுகளில் பொதுவாக மார்புக் கிளிப் கிடையாது. ஆனால் இரு நாக்குகளையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்து ஒரே சமயத்தில் நுழைக்க வேண்டியிருக்கும். லண்டன் குழந்தைக்கு அடிகள் குறைவு, அந்த ஓர் அடி கடினம்.

பாடத்தைவிட முன்னேற்பாடு முக்கியம் என்றுகூடச் சொல்வேன். இறக்கிவிடும்போதே பட்டையை நன்றாகத் தளர்த்திவிட வேண்டும். இறுகிய பட்டைக்குள் கை நுழைக்க முடியாமல் திணறும் குழந்தையைத் திறமை இல்லாதது என்று நினைக்கிறோம். ஏறும் முன் பக்கிள் முன்னால் தொங்க வேண்டும், உட்கார்ந்த பிறகு பின்புறத்துக்கு அடியிலிருந்து தோண்டக் கூடாது. பட்டை முறுக்கிக்கொண்டிருந்தால் முதலில் நேராக்க வேண்டும். பயிற்சி நேரம் காலை எட்டு மணியாக இருக்கவே கூடாது. கார் நிற்கும் சனிக்கிழமை மாலை போதும்.

செப்டம்பர் 7

ஒரு பக்கக் குறிப்பு. குழந்தையால் மாட்ட முடியவில்லை என்றால் பக்கிளின் உள்ளே பார்க்க வேண்டும். 2014இல் கிராகோ நிறுவனம் அமெரிக்காவில் சுமார் 60 லட்சம் சீட்டுகளின் பக்கிள்களைத் திரும்பப் பெற நேர்ந்தது. உணவுத் துணுக்கும் காய்ந்த பானமும் சேர்ந்து பொத்தானை இறுக்கிவிட்டன என்பது நிறுவனம் சொன்ன காரணம். பிஸ்கட் பொடியும் ஜூஸும் சிந்தாத கார் சீட் எங்கே இருக்கிறது? எப்படிக் கழுவுவது என்பதைச் சீட்டோடு வந்த கையேட்டில் பார்த்துச் செய்யலாம். தாமே யோசித்து எண்ணெய் விடுவது வேண்டாம்.

செப்டம்பர் 13

இன்னும் இரண்டு எதிர்வாதங்கள் பாக்கி. ஒன்று நேரம். அம்மா மாட்டினால் முடிந்துவிடுகிற வேலைக்குக் குழந்தை பல மடங்கு நேரம் எடுக்கும், வேலைக்குப் போகிற வீட்டில் அது கட்டுப்படியாகுமா? சில வாரங்களுக்குக் கட்டுப்படியாகாதுதான். ஆனால் உடம்பை வில்லாக வளைத்து அழும் குழந்தையோடு மல்லுக்கட்டும் காலைகளையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். "நானே போடுவேன்" என்ற பிடிவாதத்துக்கு ஒரு வேலையைக் கொடுத்துவிட்டால் சண்டைக்கான காரணங்களில் ஒன்றாவது குறையும். அவசர நாளில் "இன்று நான் மாட்டுகிறேன், மார்புக் கிளிப் மட்டும் உனக்கு" என்று வேலையைச் சுருக்கிக்கொள்ளவும் இந்த முறையில் இடம் இருக்கிறது.

மற்றது இன்னும் கூர்மையானது. கடைசியில் பெரியவர்தான் இறுக்கி, கிள்ளிப் பார்க்கப்போகிறார் என்றால், குழந்தையின் சுதந்திரம் வெறும் பாவனைதானே? எனக்கு அப்படித் தோன்றவில்லை. விமானியின் வேலையைச் சக விமானி சரிபார்க்கிறார். அதனால் முதலாமவர் விமானம் ஓட்டவில்லை என்று யாரும் சொல்வதில்லை. குழந்தைக்கும் இதை ஒளிக்காமல் சொல்லிவிடலாம்: மாட்டுவது உன் வேலை, இறுக்குவது என் வேலை, இரண்டும் முடியாமல் கார் சாலைக்குப் போகாது. கிள்ளிப் பார்ப்பதைக் குழந்தையின் பிழை தேடுவதாக ஆக்காமல், எல்லாப் பயணத்திலும், அது நன்றாக மாட்டிய நாளிலும் செய்தால் போதும்.

இதில் புலம்பெயர்ந்த நம் வீடுகளுக்கென்று ஒரு தனி அனுகூலம் உண்டு. ஊரிலிருந்து வந்து சில மாதம் தங்கும் தாத்தா பாட்டிக்கு இந்த ஐந்து முனைப் பெல்ட் புதிது. இந்தியாவில் 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தை பெல்ட்டோ குழந்தைகளுக்கான பாதுகாப்பு இருக்கையோ இல்லாமல் பயணித்தால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்கிறது. நடப்பில் மடிதான் இன்னும் பல வீடுகளின் கார் சீட். மூட்டுவலி உள்ள விரலுக்கு அந்தச் சிவப்புப் பொத்தான் லேசில் அசையாது. மாட்டும் வரிசை தெரிந்த பேத்தி "பாட்டி, கிளிப்பை மேலே ஏத்தணும்" என்று நினைவூட்டலாம். ஆனால் அந்த நினைவூட்டலை நம்பிப் பெரியவருக்குக் கற்றுக்கொடுப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. இறுக்குவதும் கிள்ளிப் பார்ப்பதும் பாட்டிக்கும் தாத்தாவுக்கும் தனியாகச் செய்து காட்ட வேண்டிய பாடம்.

செப்டம்பர் 20

பள்ளி வரிசைக்கே திரும்பினால், நடைமுறையில் இந்தப் பிரிவினை எப்படி நிற்கும்? காலையில் சிக்கல் இல்லை: கார் முழுதாக நின்ற பிறகு, சொன்னதும், குழந்தை கழற்றிக்கொண்டு இறங்கலாம், அதற்கு விரலில் பலம் இருந்தால். பிற்பகலில் குழந்தை ஏறி மாட்டிக்கொண்டதும் வரிசையைவிட்டுக் கொஞ்சம் தள்ளி, பள்ளி வளாகத்துக்குள்ளேயே ஓரமாக நிறுத்தி, இறங்கி, இறுக்கிவிட்டுச் சாலைக்குப் போக வேண்டும். பல பள்ளிகள் இதற்கென்றே ஓர் இடம் ஒதுக்குகின்றன. ஒதுக்காத பள்ளியில் பெற்றோர் சேர்ந்து கேட்கலாம். கண்ணாடியில் பார்த்து "போட்டுட்டியா?" என்று கேட்டுக்கொண்டே கிளம்புவதைத்தான் தவிர்க்க வேண்டும். கிளிப் மாட்டியிருப்பது கண்ணாடியில் தெரியும், தளர்வு தெரியாது.

குளிர் தொடங்கும் முன் இன்னொன்றையும் பழக்க வேண்டியிருக்கிறது. தடித்த குளிர்கோட்டோடு இறுக்கினால் பட்டை இறுகியதுபோலவே இருக்கும். மோதலில் கோட்டின் பஞ்சு நசுங்கி, அத்தனையும் தளர்வாகிவிடும். கோட்டைக் கழற்றுவது, கையை விடுவது, மாட்டுவது என்று குழந்தையின் வரிசையில் முன்னால் ஓர் அடி கூடும். பெரியவர் இறுக்கி முடித்ததும், கோட்டைத் திருப்பிப் போட்டு, கைகளை முன்பக்கமாக நுழைத்துப் பட்டைக்கு மேலே போர்த்திக்கொள்வதையும் குழந்தையே செய்யலாம். அக்டோபருக்குள், கோட்டுக்குத் தேவை வருவதற்கு முன்பே, வீட்டு வாசலில் இதைத் தொடங்கிவிடுவது நல்லது.