கேள்வி கேட்காத ஆம்லெட்

நான் நான்கு பிள்ளைகளை வளர்த்து வருகிறேன் என்று சொன்னால் வகுப்பு நண்பர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், நான் சொல்வது உண்மைதான். அந்தப் பிள்ளைகளுக்கு உடம்பு கிடையாது, உயிரும் கிடையாது. ஆனால் வயிறு மட்டும் உண்டு! ஒரு நாள் கவனிக்காமல் விட்டால் ‘பசிக்கிறது’ என்று கைப்பேசித் திரையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும்.

‘நியோபெட்ஸ்’ என்பது அந்த விளையாட்டின் பெயர். ஆடம் பவல், டோனா வில்லியம்ஸ் என்ற இருவர் இங்கிலாந்தில் உருவாக்கி 1999 நவம்பர் 15 அன்று இணையத்தில் திறந்தார்கள். நான் பிறப்பதற்கு முன்பே பிறந்த விளையாட்டு. நியோபியா என்ற கற்பனை உலகில் நாம் பிராணிகளைத் தத்தெடுத்து வளர்க்க வேண்டும். சிறு விளையாட்டுகள் ஆடினால் புள்ளிகள் கிடைக்கும். அந்த ஊரில் புள்ளிதான் பணம். அங்கே கடைத்தெரு உண்டு, வங்கி உண்டு, பணக்காரனும் ஏழையும் உண்டு.

2020-ஆம் ஆண்டு, பள்ளிகள் மூடிக் கிடந்த காலத்தில், பாடம் கேட்பதற்காக அப்பா கடன் வாங்கி ஒரு பழைய கைப்பேசி வாங்கித் தந்தார். அதில்தான் இந்த உலகத்தைக் கண்டுபிடித்தேன். ஆசை யாரை விட்டது? ஒன்றுக்கு நான்காகப் பிராணிகளைத் தத்தெடுத்துவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, நான்கு வயிறு என்பது எவ்வளவு பெரிய எண் என்று! இரண்டே நாளில் கையிருப்புக் கரைந்தது.

அப்படிப்பட்டவர்களுக்காகவே நியோபியாவில் ஓர் இடம் இருக்கிறது. ஒரு தேவதை அண்டாவில் சூப் காய்ச்சி இலவசமாக ஊற்றுகிறாள். நூல் விலை ஏறித் தறிகள் நின்ற காலங்களில் நெசவாளர் ஊர்களில் கஞ்சித் தொட்டி திறப்பார்கள் என்று என் அம்மிச்சி சொல்லக் கேட்டிருக்கிறேன். இதுவும் ஒரு கஞ்சித் தொட்டிதான். நான் தினமும் நான்கு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போய் அங்கே நின்றேன். வெட்கமே இல்லை. திரைக்குப் பின்னால் இருப்பவன் யாரென்று யாருக்குத் தெரியும்?

ஆனால் அந்தத் தேவதைக்கு ஒரு சட்டம் உண்டு. நம் இருப்பு ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இருந்தால்தான் சூப். கொஞ்சம் புள்ளி சேர்த்த ஒரு நாளில் நான் வழக்கம்போலப் போய் நின்றேன். உனக்குத்தான் வசதி இருக்கிறதே என்ற பொருளில் ஒரு பதிலைக் காட்டித் திருப்பி அனுப்பிவிட்டாள். சேர்த்த புள்ளியைச் செலவழித்துவிட்டு மீண்டும் ஏழையாகிவிடலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தேன். கொஞ்சம் தலையெடுத்தவனைத் தண்டிக்கும் சட்டம் அது என்று அன்று கோபம் கோபமாக வந்தது.

கோபம் வயிற்றை நிரப்பாது அல்லவா? ஆகவே கணக்குப் போடத் தொடங்கினேன். பின்னாளில் இளம் அறிவியல் கணிதம் படிக்க வந்ததற்கு இதுவும் ஒரு காரணமோ என்னவோ! பசிக்கு அந்த ஊரில் பல படிகள் உண்டு. ‘சாகக் கிடக்கிறது’ என்பது அடிப்படி; வயிறு உப்பிப்போன நிலை மேற்படி. பொதுவாக ஓர் உணவு கொடுத்தால் பிராணி ஒரு படி ஏறும். இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. மலிவான ரொட்டியும் ஒரு படிதான். லட்சக்கணக்கான புள்ளி விலையுள்ள அபூர்வ விருந்தும் ஒரு படிதான்! அபூர்வ உணவு உண்ட பிராணிகளைப் பட்டியலிட அங்கே ஒரு கழகமே இருக்கிறது. பெயர் வேண்டுமானால் விருந்து. பசி தீர வேண்டுமானால் ரொட்டி போதும்.

ரொட்டியைவிடச் சிறந்தது ஆம்லெட். ஏனென்றால் ஓர் ஆம்லெட்டை மூன்று முறை ஊட்டலாம். முதல் முறை ஊட்டினால் மூன்றில் இரண்டு பங்கு மிஞ்சும். அடுத்த முறை மூன்றில் ஒரு பங்கு. கடையில் நூறு புள்ளி கொடுத்து வாங்கினாலும் ஒரு வேளைக்கு முப்பத்து மூன்று சொச்சம்தான். கெட்டுப்போகும் கவலையும் இல்லை. சென்ற வருடத்து ஆம்லெட் இன்றும் என் பெட்டகத்தில் சூடாக இருக்கிறது! தேர்வுக் காலத்தில் நேரம் இல்லையென்றால் பிள்ளைகளை விடுதியில் சேர்த்துவிடலாம். மிக மலிவான விடுதியில் ஓர் இரவுக்கு ஐந்தே புள்ளி. அதன் பெயர் கரப்பான்பூச்சி மாளிகை. நம் விடுதி நண்பர்கள் என்மேல் கோபித்துக்கொள்ள வேண்டாம். பெயரை வைத்தது நான் அல்ல.

உண்மையில் ஆம்லெட்டைக் காசு கொடுத்து வாங்கவும் தேவையில்லை. டைரானியா என்ற பகுதியில் குன்றுபோல ஒரு ராட்சத ஆம்லெட் கிடக்கிறது. எவரும் நாளுக்கு ஒரு முறை போய் எடுத்துக்கொள்ளலாம். காவல் காக்கும் மூர்க்கப் பிராணி எப்போதாவது விரட்டிவிடும், அவ்வளவுதான். நேற்றுச் சேர்ந்தவனும் வருகிறான். கோடிக்கணக்கில் புள்ளி வைத்திருப்பவனும் வருகிறான். உன் இருப்பு எவ்வளவு என்று ஆம்லெட் யாரையும் கேட்பதில்லை. கேட்காத இடத்தில் யாருக்கும் தலை குனியவில்லை.

அந்த ஆம்லெட்டின்முன் நிற்கும்போதெல்லாம் எனக்கு இன்னொரு வரிசை நினைவுக்கு வரும். அதை எழுதாமல் இந்தக் கட்டுரையை முடிக்க என் மனம் இடம் தரவில்லை.

அதே 2020-இல், மூடிய பள்ளியில் சத்துணவு சமைக்க முடியாதாகையால், அரிசியும் பருப்பும் வீட்டுக்குக் கொண்டுபோகக் கொடுத்தார்கள். அப்போது நான் பத்தாம் வகுப்பு. பையை எடுத்துக்கொண்டு போ என்றார் அம்மா. நான் மறுத்துவிட்டேன். வழியில் வகுப்புத் தோழர்கள் பார்ப்பார்கள். அரிசி வாங்கிப் போகிறான் என்பார்கள். “ஆன்லைன் வகுப்பு இருக்கிறது” என்று பொய் சொன்னேன். நின்றிருந்த விசைத்தறிகள் மறுபடி ஓடத் தொடங்கிய சமயம் அது. தார் சுற்றும் வேலையில் அரை நாள் கூலியை விட்டுவிட்டு அம்மாவே பையுடன் போனார். அவர் வெயிலில் வரிசையில் நின்ற அந்த நேரத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? நியோபியாவில் சூப் வாங்கிக்கொண்டிருந்தேன்.

இல்லாத பிராணிகளுக்காகக் கைநீட்ட வெட்கப்படாத நான், எங்கள் வீட்டு உலைக்கு வந்த அரிசிக்கு வெட்கப்பட்டேன். ஏன்? பல நாள் யோசித்திருக்கிறேன். அந்த அரிசியைக் கொடுத்த ஆசிரியர் என் அப்பாவின் வருமானத்தைக் கேட்டாரா? இல்லை. காமராசர் காலத்தில் 1956-இல் மதிய உணவு தொடங்கியது, 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 1989-இல் கலைஞர் ஆட்சியில் முட்டை சேர்ந்தது. 2022-இல் காலை உணவும் வந்தது. பள்ளியில் தட்டை நீட்டிய நாங்கள் யாரும், வீட்டில் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் பதில் சொல்ல நேர்ந்ததில்லை.

நியாய விலைக் கடையும் அப்படித்தான். 1997-இல் வறுமைக் கோட்டை வைத்து மக்களைப் பிரிக்கும் பொது விநியோக முறையை மத்திய அரசு கொண்டுவந்தபோது, தமிழ்நாடு அந்தப் பிரிவினை இல்லாமலே அரிசி கொடுப்பதைத் தொடர்ந்தது. வசதி உள்ளவனுக்கும் ஏன் கொடுக்க வேண்டும் என்று கேட்பவர்கள் நம் கல்லூரியிலும் உண்டு. செலவுக் கணக்கில் பார்த்தால் அது நியாயமான கேள்விதான். ஆனால் யார் ஏழை என்று பிரித்துப் பார்ப்பதற்கும் ஒரு விலை உண்டு. வாசலில் நின்று ‘நான் ஏழைதான்’ என்று நிரூபிக்க வேண்டியவன் கொடுக்கும் விலை அது. எந்தக் கணக்குப் புத்தகத்திலும் அது ஏறுவதில்லை.

அந்த நாளில் நான் வாங்க மறுத்தது ஆம்லெட் மாதிரியான சோறு. என்னிடம் ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. சூப் தேவதையின் கேள்வியை எனக்குள்ளேயே வைத்துக்கொண்டு என்னை நானே கேட்டுக்கொண்டேன். அதற்கு அரை நாள் கூலியைக் கொடுத்தவர் என் அம்மா. எந்த உணவு மலிவு என்று நான்கு பிராணிகளுக்குக் கணக்குப் பார்த்தவன் அந்தக் கணக்கைப் பார்க்கவில்லை.

இதை அம்மாவிடம் சொல்ல எனக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. சென்ற பொங்கல் விடுமுறையில்தான் சொன்னேன். “ஆன்லைன் வகுப்பெல்லாம் அன்னைக்கு இல்லம்மா. வெக்கமா இருந்துச்சு, அதான் போகல” என்றேன். அம்மா உலையில் அரிசியைக் கழுவிப் போட்டுக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. “அது எனக்கு அன்னைக்கே தெரியும் கண்ணு” என்றார். சற்று நேரம் கழித்து, “உன்ற போன்ல இருக்கற அதுங்களுக்குச் சோறு போட்டயா?” என்று கேட்டார்.

அன்று மாலை ரேஷன் கடைக்குப் பையை எடுத்துக்கொண்டு நானே போனேன். வழியில் இரண்டு பழைய தோழர்களைப் பார்த்தேன். அவர்கள் கையிலும் பை இருந்தது. மூவரும் ஒரே வரிசையில் நின்று பேசிக்கொண்டிருந்தோம்.