பச்சை அரைவட்டங்கள்

“பிரஷர் பாக்கணும்மா” என்று சிஸ்டர் சொன்னதும் அம்மா சேலைத் தலைப்பை விலக்கி இடது கையை நீட்டினாள்.

“கையில இல்லம்மா, கண்ணுல. தாடைய இங்க வைங்க, நெத்திய ஒட்டிக்கோங்க.”

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். எழுபது வயதில் உடம்பின் இன்னோர் இடத்திலும் பிரஷர் இருக்கிறதாமே என்கிற பார்வை.

முந்தின ராத்திரி மதுரை கோச்சடையில் வெகுநேரம் கரண்ட் இல்லை. இருட்டில் திண்ணையில் உட்கார்ந்திருந்தவள், தெருவிளக்கு எரிந்ததும் அதைச் சுற்றி வானவில் மாதிரி வளையம் தெரிகிறது என்றாள். வலது கண்ணும் நெற்றியும் சேர்ந்து வலித்தன. தைலம் தடவிக்கொண்டு படுத்துவிட்டாள். கண்ணாடியின் பவர் மாறியிருக்கும் என்றுதான் நான் நினைத்தேன்.

வலது கண்ணில் 28. இருபத்தொன்றைத் தாண்டினாலே கவனிக்க வேண்டுமாம். டாக்டர் கண்ணாடி பதித்த ஒரு லென்ஸைக் கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தண்ணி வடியிற மூலை ரொம்பக் குறுகலா இருக்கு. இருட்டுல கண் பாப்பா விரிஞ்சதும் அடைச்சிருக்கு. யாக் லேசர்ல சின்னதா ஒரு ஓட்டை போட்டுடலாம்.”

“யாக்னா என்ன சார்?”

“ஒரு கிரிஸ்டல்.” அதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

நத்தம் ரோட்டில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு நான் நடையாய் நடந்தது அந்த ஒற்றைச் சொல்லைத் துரத்தித்தான். ஆனால் அங்கே என்னை முதலில் பிடித்துக்கொண்டது லேசர் இல்லை, பிரஷர்.

கண்ணுக்குள் ஓயாமல் நீர் ஊறுகிறது, நிமிடத்துக்கு இரண்டு மைக்ரோலிட்டர் சொச்சம். ஐரிஸுக்குப் பின்பக்கம் ஊறி, பாப்பா வழியாக முன்னே வந்து, ஐரிஸும் கருவிழியும் சேரும் மூலையில் வடிகிறது. எங்கள் ஊருக்குத் தெற்கே மாடக்குளம் கண்மாய் இருக்கிறது. வரத்து நிற்காமல் கலுங்கு அடைத்துக்கொண்டால் கரை என்ன பாடுபடும் என்று அந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கண்ணில் உடைவது கரை இல்லை. பின்னால் இருக்கும் பார்வை நரம்பு நசுங்கிச் சாகிறது. செத்தது திரும்பாது.

இதை வெகுகாலம் விரலால்தான் அளந்தார்கள். மூடிய இமைமேல் இரண்டு ஆள்காட்டி விரல்களை வைத்து மாற்றி மாற்றி அமுக்கிப் பார்ப்பது, பழம் பழுத்திருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. லண்டனில் வில்லியம் போமன் 1862இல் அந்த விரல் உணர்வுக்குப் படிநிலைகள் வகுத்தார். 1905இல் நார்வேயின் ஷியோட்ஸ், மல்லாந்து படுத்தவரின் கண்மேல் வைக்கும் ஒரு கருவியைச் செய்தார். அதன் ஊசி கண்ணை எவ்வளவு அமுக்குகிறது என்பதை ஒரு முள் காட்டும்.

அம்மாவின் கண்ணைத் தொட்ட கருவி அடுத்த தலைமுறை. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ஹான்ஸ் கோல்ட்மன் 1950களில் செய்தது. கருவிழியைக் குழியாக்காமல், ஒரு சின்ன வட்டத்தை மட்டும் தட்டையாக்க எவ்வளவு விசை வேண்டும் என்று அது பார்க்கிறது. அந்த வட்டத்தின் குறுக்களவு 3.06 மில்லிமீட்டர். மூன்று என்று முழுசாக வைத்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. கருவிழியின் விறைப்பு கருவியை வெளியே தள்ளும், கண்ணீர்ப் படலம் உள்ளே இழுக்கும். ஏறக்குறைய இந்த அளவில் இரண்டும் ஒன்றையொன்று கழித்துக்கொள்கின்றன. கூடவே ஒரு வசதியும் கிடைக்கிறது: ஒரு கிராம் விசை என்றால் பத்து மில்லிமீட்டர் பாதரசம் என்று மனக்கணக்காகவே சொல்லிவிடலாம். மின்சாரமே இல்லாமல் ஒரு சுருள்வில்லையும் முப்பட்டகத்தையும் வைத்துக்கொண்டு இவ்வளவு நுணுக்கம்! லேசரைப் பற்றி வியக்கிறவர்களிடம் இந்த 0.06ஐப் பற்றி இப்போது நான்தான் வலியப் போய்ப் பேசுகிறேன்.

மின்னுணர்விகளும் வந்துவிட்டன. கம்பியை இழுத்தால் அதன் மின்தடை மாறும் என்று கெல்வின் 1856இல் சொன்னது, சுவிட்சர்லாந்தில் காண்டாக்ட் லென்ஸுக்குள் ஏறி, 24 மணி நேரமும் கண்ணின் வடிவம் நுணுக்கமாக மாறுவதைக் குறித்துக்கொள்ளும் கருவியாகியிருக்கிறது. 2016இல் அமெரிக்கா அதற்கு அனுமதி கொடுத்தது. ஆனாலும் ஒப்பிட்டுச் சரிபார்க்க இன்றும் கோல்ட்மனிடம்தான் வருகிறார்கள்.

மதுரைக்காரனாக ஒரு தகவலிடம் வெகுநேரம் நின்றேன். டாக்டர் கோவிந்தப்ப வேங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்று, 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, தமிழகக் கிராமங்களில் நாற்பது வயதைக் கடந்த 5,150 பேரைப் பரிசோதித்து 2003இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. நூற்றுக்கு 2.6 பேருக்குக் கண் நீர் அழுத்த நோய். அதில் வலியே இல்லாமல் வரும் முக்கிய வகைக்காரர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல், அது தங்களுக்கு இருப்பதே அதுவரை தெரியாது. அம்மாவுக்கு வலித்தது அவள் செய்த புண்ணியம். அந்த மருத்துவமனைக்காக 1992இல் தொடங்கிய ஆரோலேப், வீரபாஞ்சானில் இருந்துகொண்டு, லேசருக்கும் சொட்டுமருந்துக்கும் கட்டுப்படாத கண்களில் நீரை வடியவைக்கும் சிலிக்கோன் குழாயையும் செய்கிறது.

சரி, யாக். 1960 மே 16 அன்று கலிபோர்னியாவில் தியோடர் மைமன் எரியவிட்ட முதல் லேசருக்குள் இருந்தது மாணிக்கம், ஆய்வகத்தில் வளர்த்த செயற்கை மாணிக்கம். சொக்கநாதரே மாணிக்கம் விற்றதாகச் சொல்லும் ஊர்க்காரனுக்கு இதைப் படித்ததும் கொஞ்சம் மிதப்பு வராமல் இருக்குமா? யாக் என்பது இட்ரியம், அலுமினியம், ஆக்சிஜன் சேர்ந்த செயற்கைக் கல். கோமேதகம் இருக்கிறதே, அந்தக் குடும்பம். 1964இல் பெல் ஆய்வகத்தில் கியூசிக், மார்கோஸ், வான் யூட்டர்ட் மூவரும் அதில் நூற்றுக்கு ஒரு பங்கு அளவில் நியோடிமியம் கலந்து லேசராக்கினார்கள். சுமார் 1,970 டிகிரி செல்சியஸில் உருகிய குழம்பில் ஒரு விதைத் துணுக்கைத் தொட்டு, சுழற்றிக்கொண்டே மெதுவாக மேலே இழுத்து வளர்க்கும் கல் அது. இந்த வித்தையைப் போலந்துக்காரர் சொக்ரால்ஸ்கி 1916இல் கண்டது, மைக்கூடு என்று நினைத்து உருகிய வெள்ளீயத்தில் பேனாவை விட்டதால்தான் என்று கதை சொல்வார்கள்.

நியோடிமியத்தைப் பிரித்தெடுத்தவரைத் தேடினால் வியன்னாவின் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக் வந்து நின்றார், 1885. கேஸ் விளக்குக்கு மேன்டில் செய்தவரும் இவர்தான்! இதை அம்மாவிடம் சொன்னேன். “முத்தையா கோயில் திருவிழாவுக்குத் தலையில தூக்கிட்டு வருவாங்களே, பெட்ரோமாக்ஸ், அந்த மேன்டிலா?” அதேதான். அந்த மேன்டிலுக்கு வேண்டிய தோரியத்தைத் தேடித்தான் 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூர்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பின்தொடர்ந்து மணவாளக்குறிச்சிக்கு வந்து சேர்ந்தார். அந்த மோனசைட் மணலில் தோரியத்தோடு நியோடிமியமும் கிடக்கிறது.

இந்தக் கல்லிலிருந்து வரும் 1,064 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. குறி பார்க்கத்தான் ஒரு சிவப்புப் புள்ளி. சில மில்லிஜூல் ஆற்றல், ஒரு குண்டூசியைக்கூடச் சூடாக்காது. பிறகு எப்படி ஓட்டை போடுகிறது? எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற இயற்பியல் வாத்தியார் ஒருவர் இருக்கிறார். “மடையை அடைச்சு வச்சு, தேக்கி, ஒரே மூச்சுல திறந்தா எப்படி இருக்கும்? அதான்யா” என்றார். நூறு கோடியில் சில பங்கு விநாடிக்குள் அத்தனையும் பாய்ந்தால், அந்தக் கணத்துக்கு மட்டும் பத்து லட்சம் வாட். குவிந்த இடத்தில் திசு சுடாமலே வெடித்துப் பிளக்கிறது. 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதைக் கண்ணுக்குக் கொண்டுவந்தவர்கள் இருவர்: பாரிஸில் டானியேல் ஆரோன் ரோசா, இன்னொருவர் ஃபிரான்ஸ் ஃபாங்ஹவுசர். ஃபாங்ஹவுசரின் ஊரைப் பார்த்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். பெர்ன். அளந்ததும் துளைத்ததும் ஒரே ஊர்.

ஓட்டை போட்டால் சரியாகும் என்பது மட்டும் இவர்களுக்கெல்லாம் முந்தியது. பெர்லினில் கிரேஃபே 1857இலேயே கத்தியால் ஐரிஸில் ஒரு துண்டை வெட்டியெடுத்து இதைக் காட்டியிருந்தார்.

லேசர் அன்று அம்மா ஒரு சத்தம் மட்டும் கேட்டதாகச் சொன்னாள். “டிக் டிக்குன்னு, கேஸ் லைட்டர் மாதிரி. சுருக்குன்னுச்சு, அவ்வளவுதான்.” ஒரு மணி நேரம் உட்காரவைத்து மறுபடி பிரஷர் பார்த்தார்கள். லேசருக்குப் பிறகு சில சமயம் ஏறுமாம். ஏறவில்லை.

அடுத்த முறை போனபோது, பிரஷர் அளப்பதை நானும் பார்க்கலாமா என்று டாக்டரிடம் கூச்சப்பட்டுக்கொண்டே கேட்டேன். பயிற்சி டாக்டர்கள் பார்ப்பதற்காகக் கருவியின் பக்கத்தில் ஒரு குழாய் இருந்தது. சிரித்துக்கொண்டே அதைக் காட்டினார். மஞ்சள் சொட்டு விட்ட கண்ணில் நீல ஒளி விழுந்தது. இரண்டு பச்சை அரைவட்டங்கள், ஒன்று மேலே, ஒன்று கீழே. டாக்டர் திருகைத் திருப்பத் திருப்ப அவை நகர்ந்து, உள்விளிம்புகள் ஒன்றையொன்று தொட்டன. பதினாறு.

தொட்டபடி சும்மா நிற்கவில்லை. மெல்ல விலகின, தொட்டன, விலகின, தொட்டன.

“ஆடுதே சார்?”

“இதயம் துடிக்குதுல்ல, அதான்.”

“என்னடா தெரியுது?” என்றாள் அம்மா, தாடையை எடுக்காமல்.