திரும்பிப் பார்த்து ஆடுபவள்

கோல் போட்டவரின் பெயர் மறுநாள் பேப்பரில் வரும். கோல்கீப்பர் பாய்ந்து தடுத்தால் கைத்தட்டல் கிடைக்கும். நடுவில் ஆடும் மிட்ஃபீல்டருக்கு என்ன வேலை? பிளஸ் டூ படிக்கும் என் மகள் அந்த இடத்தில் ஆடத் தொடங்கும்வரை எனக்கும் தெரியாது. பின்னால் இருப்பவர்கள் மீட்கும் பந்தை வாங்கி முன்னால் இருப்பவர்களிடம் சேர்க்க வேண்டும். பந்து பறிபோனால் ஓடிவந்து பின்வரிசைக்குத் துணை நிற்க வேண்டும். வீட்டில் நாம் பார்க்கும் வேலை மாதிரிதான். செய்தால் யாருக்கும் தெரியாது, ஒருநாள் செய்யாவிட்டால் ஊருக்கே தெரியும்.

பந்து காலுக்கு வருவதற்கு முன்பே இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட வேண்டும் என்பார் அவளுடைய பயிற்சியாளர். யார் நெருங்குகிறார், எங்கே இடம் காலியாக இருக்கிறது என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டுமாம். எங்கள் நெமிலிச்சேரிப் பெண்பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தரவா வேண்டும்? சாயங்காலம் ஸ்டேஷனில் இறங்கி, வண்டலூர் - மீஞ்சூர் வெளிவட்டச் சாலைப் பக்கம் நடந்துவரும்போது பின்னால் ஒரு பைக்கின் சத்தம் மெதுவானால் தலை தானாகத் திரும்பும். வீட்டில் நமக்குச் சொல்லிக் கொடுத்ததோ, 'குனிஞ்ச தலை நிமிராம வா' என்பது. என் மகள் மைதானத்தில் திரும்புவதை முதன்முறை பார்த்தபோது எனக்கு வித்தியாசமாக இருந்தது. அதே கழுத்து, அதே வேகம்தான். ஆனால் பயந்து திரும்பவில்லை, தனக்கான இடத்தைத் தேடித் திரும்பினாள்.

போன மாதம், வெளிமாவட்டத்தில் நடக்கும் பத்து நாள் முகாமுக்கு அவள் தேர்வானாள். அன்று ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் என் மாமியார் கேட்டார்: "விளையாடி விளையாடி என்னத்துக்கு ஆவப் போறா?"

கேள்வியில் தப்பில்லை. பதில்தான் கைவசம் சுலபமாக இல்லை. அப்போதுதான் இந்துமதி கதிரேசனைப் பற்றிச் சொன்னேன்.

இந்துமதி 1994இல் பிறந்த கடலூர்க்காரர். அவரும் மிட்ஃபீல்டர்தான். கடலூரில் மாரியப்பன் என்ற பயிற்சியாளரிடம் ஆட்டம் கற்றவர். 2004 சுனாமியில் பாதிக்கப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகள் உட்படப் பல பெண்களைக் கால்பந்துக்குக் கொண்டுவந்தவர் அந்தப் பயிற்சியாளர். 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் நடந்த தேசிய சீனியர் பெண்கள் கால்பந்து இறுதியில் தமிழ்நாடு, மணிப்பூரை 2-1 என்று வென்று முதல்முறையாகப் பட்டத்தைப் பிடித்தது. அந்த அணியில் இந்துமதி இருந்தார். பெண்கள் கால்பந்து என்றாலே மணிப்பூர்தான் என்றிருந்த காலம் அது. அடுத்த ஆண்டு மார்ச்சில் நேபாளத்தின் விராட்நகரில் நடந்த தெற்காசியப் போட்டியின் அரையிறுதியில் இந்தியா வங்கதேசத்தை 4-0 என்று வென்றது. அதில் இரண்டு கோல் அவருடையது. மே மாதம் லூதியானாவில் நடந்த இந்தியப் பெண்கள் லீக் இறுதியில், நம் தமிழ்நாட்டு கிளப்பான சேது எஃப்சி 3-1 என்று வென்று கோப்பையை வாங்கியது. அப்போது அவர் ஆடியது சேதுவுக்குத்தான்.

அந்த இறுதியில் தோற்ற அணியின் பெயரைக் கவனியுங்கள்: மணிப்பூர் போலீஸ். இந்துமதியும் தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். 2020 ஊரடங்கில் நாமெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டிருந்தபோது, இந்திய அணியின் மிட்ஃபீல்டர் ஒருவர் காக்கி உடுப்பில் சென்னைச் சாலையில் பணியில் நின்றார். அதைச் செய்தியில் படித்தபோது பெருமையாக இருந்தது. கொஞ்சம் கோபமும் வந்தது. ஒரு தேசிய அணி ஆட்டக்காரர் சோற்றுக்கு இன்னொரு வேலையை நம்பி இருக்க வேண்டியிருக்கிறதே.

மாமியாருக்குக் கோபமெல்லாம் இல்லை. "போலீஸ் வேலை கிடைக்கும்னா ஆடட்டும்" என்றுவிட்டார். நான் சொன்ன கோல்களில் ஒன்றும் அவர் காதில் ஏறவில்லை, 'உதவி ஆய்வாளர்' மட்டும் ஏறியது. பத்து நாள் முகாமுக்கு அனுமதி கிடைத்துவிட்டது. எனக்கு அது போதும், ஆனால் அது பிடிக்கவில்லை. பையன் விளையாடினால் 'ஆசைப்படுறான், ஆடட்டும்' என்கிறோம். பெண் விளையாடினால் அது எதற்காவது உதவியாக வேண்டும், அரசு வேலைக்கோ காலேஜ் சீட்டுக்கோ. நல்ல மாப்பிள்ளைக்கு உதவும் என்று மட்டும் இன்னும் யாரும் சொல்லவில்லை.

பெண்கள் ஆடினால் யாரும் பார்க்க மாட்டார்கள் என்பதும் பொய்தான். 1920 டிசம்பரில் லிவர்பூலின் குடிசன் பார்க் மைதானத்தில், ஒரு தொழிற்சாலைப் பெண்கள் அணி ஆடியதைப் பார்க்க 53,000 பேர் கூடினார்கள். மறு டிசம்பரில், கால்பந்து பெண்களுக்கு ஏற்றதல்ல என்று சொல்லி, இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தன் கிளப்புகளின் மைதானங்களைப் பெண்களுக்கு மூடியது. திறக்க ஐம்பது வருடம் ஆனது. இங்கே ஞாயிற்றுக்கிழமை ஏழு மணி ஆனால் கிரிக்கெட் பையன்கள் ஸ்டம்ப்போடு வந்துவிடுவார்கள். "அக்கா, கொஞ்சம் ஓரமா ஆடுங்க" என்பார்கள். யாரும் தடை போடவில்லை, ஓரம்தான் போகச் சொல்கிறார்கள்.

என் கணவர் கணக்கு போடுகிற ஆள். "கிளப்புல சேர்ந்தா சம்பளம் எவ்ளோ?" என்றார். ஆண்களுக்கு ஐஎஸ்எல் 2014இல் வந்துவிட்டது. பெண்கள் லீக் 2016-17இல்தான் வந்தது. அதையும் பல ஆண்டுகள் எல்லா அணிகளையும் ஒரே ஊரில் கூட்டிச் சில வாரங்களில் முடித்துவிட்டார்கள். ஊர்விட்டு ஊர் போய் ஆடும் முறை 2023-24இல்தான். 2023இல் கால்பந்துச் சம்மேளனம், முதல் எட்டு கிளப்புகள் தலா பத்து இந்திய வீராங்கனைகளையாவது ஆண்டுக்குக் குறைந்தது 3.2 லட்சம் சம்பளத்தில் சேர்க்க வேண்டும் என்று அறிவித்தது. "மாசம் 26 ஆயிரத்துச் சொச்சம், பரவாயில்லையே" என்றார். பிறகு அவரே, "எட்டு பத்து எம்பது. நாடு முழுக்க எம்பது பேரா?" என்று கேட்டுவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

அந்த எண்பதுக்குள் வந்தாலும் உறுதி ஏதுமில்லை. 2022 ஜனவரியில் ஆசியக் கோப்பை நம் நாட்டிலேயே நடந்தது. இந்துமதி அணியில் இருந்தார், நம் தமிழ்நாட்டு கார்த்திகா அங்கமுத்துவும் இருந்தார். நவி மும்பையில் ஈரானுடன் 0-0. அடுத்த ஆட்டத்துக்குள் அணியில் கொரோனா பரவி, களமிறக்கப் போதிய ஆளில்லாமல் இந்தியா போட்டியை விட்டே வெளியேறியது.

இதையும் மகளிடம் சொன்னேன். பயமுறுத்துவதற்காக இல்லை, தெரிந்துகொண்டு போகட்டும் என்றுதான். கேட்டுவிட்டு, "அந்த ஈரான் மேட்ச் ஃபுல்லா எங்க கிடைக்கும்மா?" என்றாள். பாட்டியிடம் மட்டும், "நான் போலீஸ் ஆகறேன்னு எப்ப சொன்னேன்?" என்று சண்டைக்குப் போனாள். முகாம் முடியட்டும், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று அடக்கி வைத்திருக்கிறேன்.

இப்போதைக்கு அவளுக்கு ஸ்டட்ஸ் ஷூ வேண்டும். பழையதில் பெருவிரல் எட்டிப் பார்க்கிறது. சம்பளம் வந்ததும் பெரியமேட்டில் விளையாட்டுச் சாமான் கடைகளுக்கு ஒரு நடை போகணும். பெண்கள் அளவு இல்லை, பசங்க சைஸ்தான் என்பார்கள். பேரம் பேச நான் தயார்.